கால், வண்டியின் பாகம் அல்ல

ஸ்டியரிங்கைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற மனிதனை யாரும் நம்புவதில்லை. குடையோடு வரலாம், கோழியோடு வரலாம், கதவையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாலும் தச்சர் போலிருக்கிறது என்று வழிவிடுவார்கள். ஸ்டியரிங் என்றால் மட்டும் வண்டி எங்கே என்று கேட்பார்கள். வண்டி வெளியே நிற்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு, அதற்குப் பிறகுதான் உண்மையான சந்தேகமே ஆரம்பிக்கும்.

வாகன மாற்ற ஒப்புதல் அலுவலகத்தின் வாசலில் தையல் மெஷின் மெக்கானிக்குக்கு நேர்ந்தது இதுதான்.

"கையில என்ன?" என்றார் காவலாளி.

"ஸ்டியரிங்ங்க."

"அது தெரியுது. யாரோடது?"

"என்னோடதுதான்."

"உங்களோடதுன்னா வண்டியிலதானே இருக்கணும்?"

மெக்கானிக் முற்றத்தில் நின்ற தன் சின்ன காரைக் காட்டினார். காவலாளி காரைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், மெக்கானிக்கின் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அவர் மனைவியையும் பார்த்தார். மூன்றுமே அவருக்குத் திருப்தியாக இல்லை.

"உள்ள போங்க. ஆனா அதைக் கொண்டு போகக் கூடாது. வண்டிகளுக்கு உள்ள அனுமதி கிடையாது."

"இது வண்டி இல்லீங்களே."

"இன்னிக்கு ஸ்டியரிங் கொண்டு வருவீங்க. நாளைக்கு ஒரு சக்கரம். இப்படியே கொஞ்சம் கொஞ்சமா முழு வண்டியையும் உள்ள கொண்டு போய் மாட்டிடுவீங்க. நான் பார்க்காததா?"

பார்த்திருக்கிறாரா என்று கேட்க மெக்கானிக்குக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டியரிங் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டது. அந்த அலுவலகத்துக்கு வந்தவர்களில் அன்று உட்கார இடம் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

விஷயம் சின்னதுதான். போன வருஷம் ஒரு தொழிற்சாலையில் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது மெக்கானிக் வழுக்கி விழுந்தார். டாக்டர்கள் இடது முழங்காலைக் காப்பாற்றிவிட்டார்கள், அது மடங்குவதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. கால் இப்போது எப்போதும் நீட்டியபடியே இருக்கும். அவருடைய கார் கியர் தானாக மாறுகிற ரகம், அதனால் ஓட்டுவதற்கு வலது கால் போதும். ஏறுவதுதான் முடியவில்லை. சீட்டைத் தள்ளுகிற மட்டும் பின்னால் தள்ளியும் நீட்டின கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைய மறுத்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் அவர் மனைவியின் தம்பி. கார் பட்டறை வைத்திருக்கிறான், ஊரில் அவனை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாமா, ரேஸ் ஓட்டறவங்க கழட்டி மாட்டற ஸ்டியரிங்தான் வெச்சிருப்பாங்க. அவங்க வண்டிக்குள்ள நுழையவே இடம் இருக்காது. கழட்டிட்டு ஏறுவாங்க, உக்காந்து மாட்டிக்குவாங்க. உங்களுக்கும் அதையே போட்டுடலாம்."

போட்டும் விட்டான். முன் சக்கரங்களை நேராக வைத்து, பழைய ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த பெரிய நட்டைத் திருகி, அதை உருவி எடுத்தான். ஸ்டியரிங் தண்டின் பற்களில், புது ஸ்டியரிங்கைத் தாங்கும் இரும்புக் கட்டையை உட்கார வைத்து முறுக்கினான். ஹாரன் வயரை இழுத்துச் சேர்த்தான். கட்டையின் மேல் புது ஸ்டியரிங். அதன் முதுகில் ஒரு வளையம் இருக்கும், அதை இழுத்துப் பிடித்தால் ஸ்டியரிங் டக்கென்று கையோடு வரும். திரும்ப வைத்து அழுத்தினால் க்ளிக். க்ளிக் கேட்டாலும் நம்பாமல் ஒரு தடவை பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்றான்.

"நீ மாட்டின சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுது" என்றாள் அக்காள்காரி. கணவரை விலக்கிவிட்டு, தானே உட்கார்ந்து கை வலிக்கும் வரை உலுக்கினாள். அது அசையவில்லை. அப்போதும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவள் அப்படித்தான், பால்காரரின் கடிகாரத்தையே நம்பாதவள்.

அந்த வாரமே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஊருக்குள் அங்கங்கே அவர்களுக்குக் கிளைகள். எங்கே மெஷின் நின்றாலும் உடனே போகவேண்டும். சொந்த வண்டி வேண்டும், வண்டிக்கு எல்லா அனுமதியும் இருக்கவேண்டும். "திங்கட்கிழமை வண்டியோட வந்தா வேலை உங்களுக்கு. இல்லேன்னா இன்னொருத்தர் காத்துட்டிருக்கார்" என்றார். வருஷம் முழுக்க வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்டார். மனைவிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆகையால் அலுவலகம். அனுமதி வாங்காத மாற்றத்தோடு வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்பது அவர்கள் விதி. வண்டியை நேரில் கொண்டு வராமல் அனுமதி கிடையாது என்பதும் அவர்கள் விதிதான். நட்டு தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்து கேட்டுக்கு வெளியே அவிழ்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். கேட்டிலிருந்து முற்றம் வரை மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து திருப்ப, மனைவி தள்ளினாள். இறங்க வேண்டுமானால் ஸ்டியரிங்கைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? அதனால்தான் அது கையில் இருந்தது.

உள்ளே குமாஸ்தா ஒரு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் சுவரிலிருந்த விசிறி ரெகுலேட்டரின் குமிழைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க அது?" என்றாள் மனைவி.

"பக்கத்து செக்‌ஷன்காரன் வேகத்தைக் கூட்டிட்டுப் போயிடுவான். எல்லாரும் கழட்டி வெச்சுக்குவோம். அது எங்க வழக்கம்" என்றார் குமாஸ்தா. பார்த்தால் உண்மைதான். அலமாரிகளில் பிடி இல்லை. தண்ணீர்க் குழாய்க்குத் தலை இல்லை. ஜன்னல் கொக்கிகள் யார் யாருடைய பைகளிலோ இருந்தன. தாகமெடுத்தவர் முதலில் குழாய்த் தலை யாரிடம் என்று விசாரிக்க வேண்டும்.

"மாற்றத்துக்குக் காரணம்?" என்றார் குமாஸ்தா.

"கால் மடங்கலைங்க. ஸ்டியரிங் இருந்தா ஏற முடியாது."

"கால் வண்டியோட பாகம் இல்லையே."

"என்னோட பாகம்ங்க."

"உங்களை மாத்தணும்னா அது ஆஸ்பத்திரி. இங்க வண்டிக்கு மட்டும்தான். வண்டிக்குள்ள ஏதாவது காரணம் இருக்கா? என்ஜின்ல? பிரேக்ல?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப காரணம் எதுவும் இல்லைன்னு எழுதிக்கறேன்."

"இத்தனை பெரிய காலைக் காட்டிட்டு நிக்கறார், காரணம் இல்லைன்னு எழுதறீங்களே!" என்றாள் மனைவி.

குமாஸ்தா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "காரணமே இல்லாம ஒருத்தர் ஸ்டியரிங்கைக் கழட்டறார்மா. எங்க நிலைமையில இருந்து யோசிச்சுப் பாருங்க. எங்களுக்குச் சந்தேகம் வராதா?"

பிறகு ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், முகத்தில் மட்டும் யாரோ தன் பர்ஸை எடுத்துவிட்ட மாதிரி ஒரு பாவனை. காவலாளியிடமிருந்து ஸ்டியரிங்கைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, முற்றத்துக்குப் போய், மெக்கானிக்கை வண்டியில் ஏறி மாட்டச் சொன்னார். மெக்கானிக் காலை உள்ளே விட்டு, உட்கார்ந்து, ஸ்டியரிங்கை வைத்து அழுத்தினார். க்ளிக். உலுக்கியும் காட்டினார்.

"ஓடிட்டிருக்கும்போது கழண்டுக்கிட்டா?"

"கழலாதுங்க. பின்னால இருக்கற வளையத்தை இழுத்தாத்தான் வரும்."

"ஓடிட்டிருக்கும்போது நீங்க வளையத்தை இழுத்தா?"

"நான் எதுக்குங்க இழுக்கப் போறேன்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்" என்றார் ஆய்வாளர் தணிந்த குரலில். "இழுக்கற எண்ணமே இல்லாதவர் எதுக்காக இழுத்தா வர்ற மாதிரி ஒண்ணை வாங்கணும்?"

ஒரு கணம் மெக்கானிக்குக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வளைவில் திரும்பும்போது என்றைக்காவது கை தானாக வளையத்துக்குப் போய்விடுமோ?

"பொருத்தினது யாரு?"

"என் மச்சான்."

ஆய்வாளர் தலையை ஆட்டினார். உறவுக்காரன் பொருத்தினால் பாசத்தில் முறுக்கியிருப்பான், அந்நியன் பொருத்தினால் அலட்சியமாக முறுக்கியிருப்பான், இரண்டையும் அலுவலகம் ஏற்பதில்லை என்று விளக்கினார். வேறு யார்தான் முறுக்கலாம் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னும் வழிகாட்டுதல் வரவில்லையாம்.

அடுத்தது செயல்முறைச் சோதனை. மெக்கானிக் ஸ்டியரிங்கைக் கழற்றி இறங்கி, வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திரும்ப மாட்டினார். ஆய்வாளர், மூத்த ஆய்வாளர், கண்காணிப்பாளர் மூவரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கழற்றிப் பார்க்க வேண்டும்.

"அந்த வளையத்தை..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார்.

"சொல்லித் தராதீங்க!" என்று கண்காணிப்பாளர் கையை உயர்த்தினார். "விண்ணப்பதாரர் சொல்லி நாங்க கத்துக்கிட்டா, அது எங்க மேல செல்வாக்கு செலுத்தினதா ஆயிடும்."

ஆய்வாளர் இழுத்தார். மூத்த ஆய்வாளர் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லைக் கடித்து, காரே குலுங்கும்படி இழுத்தார். ஹாரன் மட்டும் அடித்தது. வளையத்தின் பக்கம் யார் கையும் போகவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூவரும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"கழலக்கூடிய ஸ்டியரிங்னு எழுதியிருக்கீங்க. இது கழலலை. பொய்த் தகவல்" என்றார் கண்காணிப்பாளர்.

மெக்கானிக்குக்குப் பதறிப்போயிற்று. ஜன்னல் வழியாகக் கையை விட்டு வளையத்தை இழுத்தார். டக்.

மூவரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"அலுவலர்கள் முன்னிலையில வண்டியைச் சேதப்படுத்தறார், எழுதிக்கங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"என்னங்க, நீங்க எதையும் தொடாதீங்க" என்று மனைவி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இங்க நின்னா குத்தம், நகர்ந்தா குத்தம். இவங்க ஏதோ திட்டத்தோடதான் இருக்காங்க." அவளுக்கு யார் மேல்தான் சந்தேகம் வராது? ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதை மறுக்க மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மன்னித்துவிடுங்கள், எது சொன்னாலும் செய்கிறேன், திங்கட்கிழமைக்குள் அனுமதி மட்டும் கொடுங்கள் என்று மூன்று பேரையும் கும்பிட்டார்.

எது சொன்னாலும் செய்கிறேன் என்கிற வார்த்தை அந்தக் கட்டடத்தில் யார் காதில் விழுந்தாலும் நேரே இயக்குநரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அரை மணி நேரத்தில் இயக்குநர் அவர்களைத் தன் அறைக்கு அழைத்தார். ஸ்டியரிங்கை ஆய்வாளர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அறைக்குள் போனதும் இயக்குநர் கதவைச் சாத்தி, அதன் கைப்பிடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே வேறு சில கைப்பிடிகளும் இரண்டு குழாய்த் தலைகளும் இருந்தன.

"உக்காருங்க. நல்ல செய்தி. உங்களுக்கு அனுமதி கொடுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம்."

மெக்கானிக்கின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. மனைவி மட்டும், "எதுக்கு?" என்றாள்.

"நியாயமான கேள்விம்மா" என்று இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த அலுவலகம் அனுமதி கொடுத்த எந்த வண்டியும் இதுவரைக்கும் விபத்துல சிக்கினதில்ல. பெருமைக்காகச் சொல்லலை. ஏன்னா இதுவரைக்கும் எந்த வண்டிக்கும் நாங்க அனுமதி கொடுத்ததில்ல. அப்படிக் கட்டிக் காப்பாத்தின பேரு. ஆனா ஜனங்க என்ன பண்றாங்க? அனுமதியே கொடுக்காத ஆபீஸ் எதுக்குன்னு எங்களையே சந்தேகப்படறாங்க! சந்தேகப்படறது எங்க வேலை. அதை ஜனங்களும் எடுத்துக்கிட்டா நாங்க எங்க போறது? மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்திருக்கு, இந்த மாசம் ஒரு அனுமதியாவது கொடுத்தே ஆகணும்னு. நேத்து வரைக்கும் யார் தலையில கட்டறதுன்னு தெரியாம இருந்தோம். நீங்க வந்தீங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றார் மெக்கானிக்.

"நம்பிக்கைதான் இந்த ஸ்தாபனத்தோட அஸ்திவாரம். அஸ்திவாரத்தை யாராவது அடிக்கடி தோண்டி எடுத்து உபயோகிப்பாங்களா? அதனால நாங்களும் நம்பிக்கையை உபயோகிக்கறதில்ல." தன் வாக்கியத்தில் தானே மயங்கி அவர் சற்று நிறுத்தினார்.

அப்போது ஜன்னல் கண்ணாடியில் நீலமாக ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. மறுபடியும் பளிச்சிட்டது. இரும்பு கருகும் வாசனை வந்தது.

"வெளிய என்னங்க அது?" என்று மனைவி எழுந்தாள்.

"அனுமதி தயாராகுதும்மா. உக்காருங்க." இயக்குநர் மேசையிலிருந்த தாளைப் படித்தார். "கழலக்கூடிய ஸ்டியரிங் இந்த வாகனத்தில் அனுமதிக்கப்படுகிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று. அது கழலக்கூடாது."

மெக்கானிக்குக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கதவுக்குப் பாய்ந்தார். நீட்டின காலோடு பாய்வதை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கதவில் பிடித்துத் திறக்க எதுவும் இல்லை. அவர் கதவைக் கையால் அறைந்தார். "ஐயா, திறங்க! அதைப் பத்தவெச்சு ஒட்டிட்டா நான் ஏற முடியாதுங்க! என் காலு..."

"காரணம் எதுவும் இல்லைன்னுதானே போட்டிருக்கு?" என்று இயக்குநர் தாளைப் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு மேசையிலிருந்த கைப்பிடிகளை ஒவ்வொன்றாகக் கதவில் மாட்டிப் பார்க்க ஆரம்பித்தார். எது எந்தக் கதவுடையது என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. சரியானது கிடைத்தபோது ஜன்னலில் வெளிச்சம் நின்றுவிட்டது.

முற்றத்தில் வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். வேலை சுத்தம். ஸ்டியரிங்கை வண்டியில் மாட்டி, வளையத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உருக்கி மூடியிருந்தார். அலுவலகம் மொத்தமும் வெளியே வந்திருந்தது. தங்கள் முதல் அனுமதி கேட்டைத் தாண்டுவதைப் போட்டோ எடுக்க வேண்டுமாம். கண்காணிப்பாளர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இம்முறை முழு மனதோடு புன்னகைத்தார்.

"ஏறுங்க, ஏறுங்க" என்றார் இயக்குநர்.

மெக்கானிக் ஏறப் பார்த்தார். காலை முதலில் விட்டார், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வெளியே எடுத்து, முதுகைத் திருப்பி, பின்பக்கமாக உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி நுழைத்தார். கதவு ஓரத்தில் சிக்கிக்கொண்டது. மனைவி பாதத்தைப் பிடித்துத் தள்ளினாள். அவர் வலி பொறுக்காமல் கத்தினார். அவள் விட்டுவிட்டாள். தாலி கட்டின நாளிலிருந்து அவள் அழுது அவர் பார்த்தது கொஞ்சம். முற்றத்தில் அத்தனை பேர் பார்க்க அவள் அழுதபோது அவருக்குக் காலை விட நெஞ்சுதான் வலித்தது.

அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஆய்வாளர் மூத்த ஆய்வாளரின் காதில் எதையோ சொன்னார். அது கண்காணிப்பாளருக்குப் போயிற்று. இயக்குநரின் புன்னகை மெல்ல மெல்லச் சுருங்கியது.

"ஒரு நிமிஷம். உங்க வண்டியில ஏறவே உங்களுக்குத் தெரியலையே" என்றார் அவர். பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பி, "வண்டி நிஜமாவே இவரோடதுதானா, விசாரிச்சீங்களா?"

போட்டோக்காரர் கேமராவை மூடினார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நட்டுவுக்குப் போன் போடலாம் என்றாள் மனைவி. அவன் வந்து பற்றவைத்ததை அறுப்பான், அறுத்தால் அது அனுமதி பெற்ற வண்டியில் அனுமதி இல்லாத மாற்றம் என்பார்கள், மறுபடியும் கயிறு கட்டி இங்கேயே இழுத்து வரவேண்டும். திங்கட்கிழமை அதற்குள் வந்து போய்விடும். இதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலையிலிருந்து கும்பிட்டுக் கும்பிட்டு ஓய்ந்துபோன மனிதருக்குக் கடைசியில் கோபம் வந்தது. பின் கதவைத் திறந்தார். பின் சீட்டில் ஏறி, காலை நீளமாக நீட்டி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மறுபக்கம் மனைவி ஏறி, அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"நேரமாச்சு, கேட்டைச் சாத்தணும். வண்டியை எடுங்க."

"டிரைவர் வரட்டும்."

"யாரு டிரைவர்?"

"உள்ள இருக்கற எல்லாருக்கும் கால் நல்லா மடங்குது. யாராவது ஒருத்தர் வந்து ஓட்டட்டும். என் வேலையை விரட்டி ஓட்டினதுக்கு என்னை வீட்டுலயாவது கொண்டு போய் விடட்டும். வர்ற வரைக்கும் நான் இறங்கப் போறதில்ல."

காவலாளி அவரை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஜன்னல்களில் ஒவ்வொரு முகமாக வந்து எட்டிப் பார்த்து மறைந்தது. யாரோ யாரையோ கைகாட்டுவது தெரிந்தது, அவர் இன்னொருவரைக் காட்டினார். ஆய்வாளரும் கண்காணிப்பாளரும் ஒரே நேரத்தில் ஒரே தூணுக்குப் பின்னால் போனார்கள். இயக்குநரின் ஜன்னல் திரை இழுத்து மூடப்பட்டது. வெகுநேரம் கழித்துக் காவலாளி தனியாகத் திரும்பி வந்தார். காருக்குப் பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்தார்.

"ஐயா, எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றார். "இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வண்டி ஓட்டத் தெரியாதாம்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சந்தேகமே இல்லை.